லைட்ஹவுஸ் ரேடியோ வீக்கெண்ட் எந்த ஆண்டு தொடங்கியது? அவசரம்

உப்புக்காற்று (மாலை 5.12)
வணக்கம். பொழுதுபோக்காக வானொலியில் பேசும் அமெச்சூர்கள் (ஹாம்கள்) கலங்கரை விளக்கங்களிலிருந்து ஒருவரோடொருவர் பேசும் வார இறுதி நிகழ்ச்சி இது. அதற்கான எங்கள் ஹாம் கிளப் பேனருக்கு ஒரு வரி வரலாறு வேண்டும். ஒருவர் 1789 என்கிறார், இன்னொருவர் 1998, மூன்றாமவர் 2000. ஃபிளெக்ஸ் கடையிலிருந்து வந்த ப்ரூஃபில் "1789 முதல் கலங்கரை விளக்கங்களில் வானொலி" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. ஏழு மணிக்குள் திருத்தம் சொல்லாவிட்டால் அப்படியே அச்சாகிவிடும். எது சரி?

இருமுனைக்கம்பி (5.20)
எந்த நிகழ்ச்சி என்று சொல்லவில்லையே. ஆகஸ்டில் இரண்டு இருக்கின்றன. பேனரில் என்ன தேதி போட்டிருக்கிறீர்கள்?

மோர்ஸ்விசை (5.24)
எந்தக் கோபுரம்? மேலே ஏறியா, கீழே வளாகத்திலா? ஹெச்எஃபா (தொலைதூரம் போகும் சிற்றலை), விஹெச்எஃபா (பெரும்பாலும் பார்வைத் தூரம் போவது)? கோபுர உயரம்தான் இந்த நிகழ்ச்சிக்கே காரணம் என்பது என் கருத்து. 30 மீட்டர் உயரம் சும்மா கிடைக்கும்போது யார் விடுவார்கள்?

பழையவால்வு (5.31)
லைசென்ஸ் பரீட்சை எழுதியவர் கேட்கிற கேள்வியா இது? ரேடியோ அலை உண்டு என்று ஹெர்ட்ஸ் நிரூபித்ததே 1880களின் கடைசியில். 1789இல் யார் யாரோடு பேசினார்கள்? அடிப்படையைப் படித்துவிட்டு பேனர் அடியுங்கள். 1898 என்று போடுங்கள். அந்த ஆண்டு மார்க்கோனியின் ஆட்கள் அயர்லாந்தின் வடகரையில் பாலிகாசிலுக்கும் ராத்லின் தீவுக் கலங்கரை விளக்கத்துக்கும் இடையே கம்பியில்லாத் தந்தி அனுப்பினார்கள். டிசம்பரில் இங்கிலாந்தின் சவுத் ஃபோர்லண்ட் கலங்கரை விளக்கத்திலிருந்து ஈஸ்ட் குட்வின் லைட்ஷிப்புக்கும் (கலங்கரை விளக்கம்போல் விளக்கேற்றிக் கடலில் நிற்கும் கப்பல்) பேசினார்கள். தொடக்கம் அங்கேதான்.

இருமுனைக்கம்பி (5.38)
ஐயா, ராத்லின் வேலை லாயிட்ஸ் நிறுவனத்துக்காகச் செய்தது. கப்பல் வரும் செய்தியைச் சீக்கிரம் தெரிந்துகொள்ள அவர்களுக்கு அது தேவைப்பட்டது. வணிக வேலையை அமெச்சூர் கணக்கில் எப்படிச் சேர்ப்பது?

பழையவால்வு (5.43)
அந்தக் காலத்தில் எல்லோரும் அமெச்சூர்தான். 1899 ஏப்ரலில் அதே லைட்ஷிப் மீது ஆர். எஃப். மேத்யூஸ் என்ற கப்பல் மோதியது. லைட்ஷிப்பில் இருந்தவர்கள் கம்பியில்லாத் தந்தியில்தான் உதவி கேட்டார்கள். இதைவிடப் பெரிய தொடக்கம் வேண்டுமா?

மோர்ஸ்விசை (5.47)
பாருங்கள், அங்கேயும் உயரம்!

தெற்குக்கரை (5.49)
லைட்ஷிப் கடல் மட்டத்தில் மிதக்கிற கப்பல். அதில் எந்த உயரம்? ஹெச்எஃபுக்குக் கோபுரத்தைவிட உப்புத்தண்ணீர்தான் பெரிய உதவி. தண்ணீர் ஓரம் ஒரு வெர்டிகலை (செங்குத்து ஆன்டெனாவை) நட்டால் தாழ்ந்த கோணத்தில் சிக்னல் எவ்வளவு தூரம் போகிறது என்று நானே பார்த்திருக்கிறேன்.

சரி, கேள்விக்கு வருகிறேன். உங்கள் மூன்று ஆண்டுகளும் மூன்று வேறு விஷயங்கள். 1789 ஆகஸ்ட் 7 அன்றுதான் அமெரிக்கக் கலங்கரை விளக்கங்களை மத்திய அரசின் பொறுப்பில் கொண்டுவந்த சட்டம் கையெழுத்தானது. அந்த நாளை ஒட்டி அமெரிக்காவில் ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒரு நிகழ்ச்சி நடக்கிறது. நடத்துவது அங்குள்ள அமெச்சூர் ரேடியோ லைட்ஹவுஸ் சொசைட்டி. அந்தச் சங்கம் பிறந்த ஆண்டுதான் உங்கள் 2000.

உலகம் முழுக்க நடப்பது வேறு, அதன் ஊர் ஸ்காட்லாந்து. ஏர் என்ற கடற்கரை ஊரின் அமெச்சூர் ரேடியோ குழு முதலில் 'ஸ்காட்டிஷ் நார்தர்ன் லைட்ஸ்' என்று ஒரு விருது நடத்திவந்தது. அதிலிருந்து 1998இல் சர்வதேச நிகழ்ச்சி வந்தது. ஆகஸ்டின் மூன்றாவது முழு வார இறுதியில் நடக்கும்.

அந்த ஆண்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1998 மார்ச் 31 அன்று ஃபேர் ஐல் தீவின் தெற்குக் கலங்கரை விளக்கம் தானியங்கியானது. ஸ்காட்லாந்தில் ஆள் இருந்து காத்த கடைசி விளக்கம் அதுதான். 1787இல் கின்னேர்ட் ஹெட்டில் ஸ்காட்லாந்தின் வடக்குக் கலங்கரை விளக்க வாரியம் ஏற்றிய முதல் விளக்கிலிருந்து தொடர்ந்த காவல் அன்றோடு முடிந்தது. காவலர்கள் இறங்கிப் போன அதே ஆண்டில் ஹாம்கள் ரேடியோவோடு வந்து உட்கார்ந்தார்கள். எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது. நிகழ்ச்சியின் நோக்கமும் கலங்கரை விளக்கங்களை மக்கள் மறக்காமல் காப்பதுதான். போட்டி கிடையாது, புள்ளியும் கிடையாது.

இருமுனைக்கம்பி (5.58)
அப்படியே ஒத்துக்கொள்கிறேன். 'முழு வார இறுதி' என்பதைக் கவனியுங்கள். ஆகஸ்ட் 1 ஞாயிறாக வந்தால் அந்த வாரம் கணக்கில் சேராது. நேரமும் உலக நேரப்படி சனி, ஞாயிறு இரண்டு நாள். நம் கடிகாரத்தில் சனி காலை ஐந்தரையிலிருந்து திங்கள் காலை ஐந்தரை வரை. பேனரில் 'ஞாயிறு இரவோடு முடியும்' என்று போட்டுவிடாதீர்கள்.

பழையவால்வு (6.04)
நிகழ்ச்சி 1998, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மார்க்கோனி இல்லாமல் அந்தக் கதையைச் சொல்வது எனக்கு மனசு வரவில்லை. கீழே சின்ன எழுத்திலாவது ஈஸ்ட் குட்வினைப் போடுங்கள்.

மோர்ஸ்விசை (6.10)
விஹெச்எஃபுக்கு உயரம் வேண்டுமா வேண்டாமா, அதைச் சொல்லுங்கள்.

தெற்குக்கரை (6.15)
விஹெச்எஃபுக்கு நிச்சயம் வேண்டும். ஆனால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி இன்னொரு கலங்கரை விளக்கத்தோடு பேச, பெரும்பாலும் ஹெச்எஃபில் 20, 40 மீட்டர் பேண்டுதான். பல இடங்களில் செட்டைக் கோபுரத்தடியில் மேஜை போட்டுத்தான் வைக்கிறார்கள்.

உப்புக்காற்று (6.52)
நன்றி. தேதி மூன்றாவது வார இறுதிதான், முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். "1998 முதல், ஸ்காட்லாந்தின் ஏர் நகரிலிருந்து" என்று மாற்றச் சொல்லிவிட்டேன். நேரமும் சேர்த்தாயிற்று. மார்க்கோனிக்கு இடம் போதவில்லை, தனியாக ஒரு அட்டை எழுதி மேஜையில் வைக்கிறேன். கடைக்குக் கிளம்புகிறேன். 73 (ஹாம் மொழியில் வாழ்த்துகள்).

மோர்ஸ்விசை (7.20)
எந்தக் கோபுரம் என்று கடைசிவரை சொல்லவே இல்லையே ஓஎம் (நண்பரே)?