மாஸ்க் விலை வழக்கு: அபராதம் போனால் குற்றமும் போய்விடுமா?

சாட்ஸ்வர்த் மணி: "கொரோனாவில் மாஸ்க் விற்ற வியாபாரிகள் மேல் வழக்குப் போட்டது அநியாயம். மேல்முறையீட்டு நீதிமன்றமே அபராதத்தை ரத்து செய்துவிட்டது, அதனால் அவர்கள் நிரபராதிகள்" என்று நம் டோங்காட் அண்ணன் நேற்று எழுதியிருந்தார். இருபது பேர் அதற்குக் கைதட்டல் வேறு போட்டிருக்கிறீர்கள். இங்கே தென்னாப்பிரிக்காவில் பாபெலெகி என்ற கம்பெனி மாஸ்க்கை 500 சதவீதத்துக்கு மேல் லாபம் வைத்து விற்றது என்று, இந்த மாதிரி விலை வழக்குகளை விசாரிக்கும் போட்டித் தீர்ப்பாயம் 2020 ஜூனில் சொல்லி, 76,040 ராண்ட் அபராதம் போட்டது. நவம்பரில் மேல்முறையீட்டில் அபராதம் மட்டும்தான் போனது. அளவுக்கு மீறிய விலை என்ற தீர்ப்பு அப்படியே நிற்கிறது. படித்துவிட்டு எழுதுங்கள்.

டோங்காட் அண்ணன்: அபராதம் இல்லை என்றால் குற்றம் இல்லை. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உலகம் முழுக்க விலை ஏறியது தம்பி. சர்ஜிக்கல் மாஸ்க் விலை ஆறு மடங்கு, என்95 மூன்று மடங்கு ஆகிவிட்டது என்று உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச் தொடக்கத்தில் சொன்னது. ஃபேக்டரி எல்லாம் சீனாவில், சீனாவே பூட்டிக் கிடந்தது. நான் மட்டும் பழைய விலைக்கு விற்றால் மறுபடி சரக்கு எடுக்கப் பணம் யார் தருவார்? மணியா?

மாரிட்ஸ்பர்க் தம்பி: ஒரு நிமிடம். அந்த வழக்கு எஃப்எஃப்பி1 மாஸ்க் பற்றியது. தூசிக்குப் போடுவது. ஆஸ்பத்திரிக்கு வேண்டியது என்95. எந்த மாஸ்க் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் முடிவு செய்யலாமா?

சாட்ஸ்வர்த் மணி: எந்த மாஸ்க்காக இருந்தால் என்ன? அபராதம்தான் போனது, தீர்ப்பு நிற்கிறது. 2020 மார்ச் 5 அன்று பாபெலெகி ஒரு பெட்டியை 500 ராண்டுக்கு விற்றது. நம் குவாசூலு-நட்டாலில் முதல் கொரோனா நோயாளியை அறிவித்த அதே நாள்! அவர்கள் வாங்கிய விலை அப்போது அந்த அளவுக்கு ஏறவே இல்லை. சீனாவை இழுக்காதீர்கள். மருந்துக்கடை நடத்தும் டிஸ்கெம்மும் மாஸ்க் விலைக்காக 12 லட்சம் ராண்ட் கட்டியது. அவர்களும் நிரபராதிகளா அண்ணே?

வார்டு அக்கா: நீங்கள் இருவரும் கடையைவிட்டு வெளியே வாருங்கள். நான் அப்போது டர்பனில் ஒரு ஆஸ்பத்திரியில் இருந்தேன், பெயர் வேண்டாம். என்95ஐ பேப்பர் பையில் போட்டு, பெயர் எழுதி வைத்து மறுநாளும் அதையேதான் போட்டுக்கொண்டோம். கவுன் கிடைக்காத நாளும் உண்டு. அரசாங்கம் வாங்கிய சில பொருள்கள் கருவூலம் சொன்ன விலையைவிட ஐந்து மடங்கு வரை என்று தலைமைத் தணிக்கையாளர் 2020 செப்டம்பரில் எழுதினாரே, அதைப் பற்றி ஏன் ஒருவருக்கும் வாய் வரவில்லை?

டோங்காட் அண்ணன்: அதைத்தான் நானும் சொல்கிறேன் அக்கா! டெண்டர் எடுத்தவனை விட்டுவிட்டுக் கடைக்காரனைப் பிடித்தார்கள்.

சாட்ஸ்வர்த் மணி: யாரையும் விடவில்லை. அரசாங்கத்தின் கொரோனா கொள்முதல் ஊழலை எஸ்ஐயூ என்ற சிறப்பு விசாரணைப் பிரிவு விசாரிக்க 2020 ஜூலையில் அதிபர் ரமபோசா கையெழுத்துப் போட்டார். கௌடெங் மாகாணத்தில் சுகாதாரப் பொறுப்பில் இருந்த பாண்டிலே மசூகுவின் பதவி அக்டோபரில் போனது. அதனால் கடைக்காரனுக்கு மன்னிப்பா? அபராதம்தான் போனது, தீர்ப்பு நிற்கிறது. எத்தனை தடவை எழுதுவது?

வார்டு அக்கா: பதவி போனதாம்! உயிரே போனது. எஸ்ஐயூவுக்குச் சாட்சியாக இருந்த கௌடெங் சுகாதாரத் துறை அதிகாரி பபிதா தேவ்கரனை 2021 ஆகஸ்டில் வீட்டு வாசலிலேயே சுட்டார்கள். நீங்கள் இன்னும் 76,040 ராண்டையே எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்.

சாட்ஸ்வர்த் மணி: அக்கா, அது பெரிய கொடுமை. ஆனால் இந்தத் தலைப்பு மாஸ்க் வழக்கு. அண்ணன் பதில் சொல்லட்டும்.

டோங்காட் அண்ணன்: சொல்கிறேன். காவடிக்கு அன்னதானச் சாமான் எங்கள் கடையில் வாங்கிவிட்டு, பாக்கியை மூன்று மாதம் இழுத்தடித்த கமிட்டியில் இந்த மணியும் ஒருவர். இவர் எனக்கு நியாய விலை கற்றுத் தருகிறார்.

சாட்ஸ்வர்த் மணி: பாக்கி தீர்ந்துவிட்டது. ரசீது என்னிடம் இருக்கிறது. அந்த வருடம் பருப்புக்கு நீங்கள் போட்ட விலையையும் எடுத்துப் போடட்டுமா?

மாரிட்ஸ்பர்க் தம்பி: என்95 பற்றி யாராவது…

டோங்காட் அண்ணன்: போடுங்கள், தாராளமாகப் போடுங்கள்! ஊர் பார்க்கட்டும். கார் வாங்கி, பணக்காரர்கள் இருக்கும் உம்ஷ்லாங்காவுக்குக் குடி போனதிலிருந்து மணிக்கு எல்லாரும் திருடர்கள். பெயரில் மட்டும் இன்னும் சாட்ஸ்வர்த்.

சாட்ஸ்வர்த் மணி: என் வீடு எங்கே இருந்தால் உங்களுக்கென்ன? தீர்ப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள். அபராதம்தான் போனது. தீர்ப்பு நிற்கிறது. நிற்கிறது. நிற்கிறது.

டோங்காட் அண்ணன்: நிற்கட்டும். பருப்பு ரசீதை எடுங்கள், பார்க்கலாம்.