புரோநோட்டுக்கு ஜூலை 10-ஓடு மூணு வருஷம் முடியுது, பணமே வாங்கலன்னு சொல்றார்

கல்லிடை மகள்:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர், வயது 71. அம்மாவோடு கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறார், நான் தூத்துக்குடியில். களக்காட்டில் வாழைத்தார் வியாபாரம் பார்க்கும் ஒருவருக்கு 2023 ஜூலை 10 அன்று மூன்றரை லட்சம் கொடுத்தார். வெகுநாள் பழக்கம். எங்கள் வீட்டில் வைத்துத்தான் அச்சடித்த புரோநோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கேட்கும்போது திருப்பித் தருவதாக நோட்டு, வட்டி நூற்றுக்கு ரெண்டு. இரண்டு லட்சம் அன்று காலை பேங்கில் எடுத்தது, மீதி நெல் விற்று வீட்டில் வைத்திருந்த பணம். எல்லாமே ரொக்கம். தேதி போடாத செக் ஒன்றும் கொடுத்திருக்கிறார்.

ஒரு வருஷம் வட்டி வந்தது, கொஞ்சம் கையில், கொஞ்சம் ஜிபேயில். நோட்டின் பின்பக்கம் அப்பா ஒவ்வொன்றையும் வரவு எழுதி வைத்திருக்கிறார். அப்புறம் காற்றில் வாழை சாய்ந்துவிட்டது என்றார், விலை இல்லை என்றார். போன வாரம் கேட்டதற்கு, "அது சீட்டுக்கு ஜாமீனா போட்ட கையெழுத்து, உங்ககிட்ட நான் பணமே வாங்கல" என்று சொல்லிவிட்டார். அப்பா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. ரொக்கமாகக் கொடுத்ததால் கேஸே நிற்காது என்று ஒரு சொந்தக்காரர் வேறு பயமுறுத்துகிறார். என்ன செய்யலாம்?

வள்ளியூர் குமார்:
முதலில் ஸ்டேஷனில் ஒரு பெட்டிஷன் கொடுங்க. இல்லாட்டி ஊரில் நாலு பேரைக் கூட்டி அவர் வீட்டு முன்னால் போய் நின்றால் தானாகப் பணம் வரும்.

அம்பை பழைய குமாஸ்தா:
தங்கச்சி, அம்பாசமுத்திரத்தில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வீட்டு முன்னால் போய் நிற்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் ஆபீஸில் கந்து வட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் தீக்குளித்ததை இந்த ஜில்லாவில் யாரும் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. நாலு பேரோடு போனால் அவர் நேரே போய் கந்து வட்டிப் புகார் கொடுப்பார், உங்கள் அப்பா பதில் சொல்லிக்கொண்டிருப்பார். கொடுத்த கடனை வசூலித்துத் தருவது போலீஸ் வேலையும் இல்லை.

இப்போது முக்கியமானது தேதி. கேட்கும்போது தருகிற நோட்டுக்கு, எழுதிய நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். உங்களுக்குக் கடைசி நாள் 2026 ஜூலை 10. வட்டி வாங்கியிருக்கிறோமே, காலம் நீளும் என்று அப்பா நினைப்பார். நீளும்தான். ஆனால் பணம் கட்டியவர் தன் கையால் எழுதியிருக்க வேண்டும், அல்லது அந்த வரவுக்குக் கீழே அவர் கையெழுத்து இருக்க வேண்டும். வட்டி வாங்கினவர் தானே எழுதிக்கொண்ட வரவு எத்தனை இருந்தாலும் காலம் ஒருநாள்கூட நீளாது. எங்கள் பக்கத்தில் எவ்வளவு நல்ல மனுஷர்கள் இந்த ஒரு இடத்தில் பணத்தை விட்டிருக்கிறார்கள் என்று நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. நோட்டு பீரோவில் பத்திரமாக இருக்கும், முன்பக்கம் ஒரு குறையும் இருக்காது, பின்பக்கம் எதிராளி கையெழுத்து ஒன்றுகூட இருக்காது. ஜிபே பணம் வந்ததற்கு சாட்சி, சரி, ஆனால் காலம் நீளும் என்று அதை நம்பி உட்காராதீர்கள்.

ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் மேல் குறுக்காக அவர் கையெழுத்து ஓடுகிறதா என்று பாருங்கள். ஸ்டாம்ப் இல்லாத புரோநோட்டை அபராதம் கட்டிக்கூட கோர்ட்டில் சாட்சியமாக்க முடியாது. இருந்தால், நோட்டை இனி மடிக்க வேண்டாம், பின் குத்த வேண்டாம், விட்டுப்போனதை இப்போது எழுதிச் சேர்க்கவும் வேண்டாம். லேமினேஷன் செய்துவிடாதீர்கள், கையெழுத்தை நிபுணருக்கு அனுப்ப நேர்ந்தால் சிக்கல்.

'பணமே வாங்கவில்லை' என்ற பேச்சுக்குப் பயப்படாதீர்கள். கையெழுத்து அவருடையது என்று ஆகிவிட்டால், பணம் கைமாறியது என்றே கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும். மாற்றுமுறை ஆவணச் சட்டம் 118-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. இல்லை என்று காட்ட வேண்டியது அவர். ஆனால் குறுக்கு விசாரணையில் 'ரிட்டையர் ஆன கண்டக்டரிடம் மூன்றரை லட்சம் ஏது?' என்று கட்டாயம் கேட்பார்கள். கொடுத்தவருக்கு அந்த வசதி இருந்ததா என்று எதிர்த்தரப்பு கேள்வி எழுப்பலாம் என்பதை 2019-இல் சுப்ரீம் கோர்ட்டும் ஒரு செக் வழக்கில் ஒத்துக்கொண்டிருக்கிறது. அன்று காலை எடுத்த பாஸ்புக் வரி உங்களுக்குப் பெரிய பலம். நெல் விற்ற சீட்டையும் தேடுங்கள். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களிடம் இப்போதே பேசி வையுங்கள்.

ரொக்க விஷயம்: இருபதாயிரமும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடன் வாங்கக் கூடாது என்பது அப்பா கடன் கொடுத்தபோது இருந்த 1961 வருமான வரிச் சட்டத்தின் 269எஸ்எஸ் பிரிவு. அதன் அபராதம் கடன் வாங்கினவருக்கு. அதனால் கடனே செல்லாது என்று ஆகிவிடாது.

செக்கும் ஒரு வழிதான். செக்கில் போட்ட தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் பேங்கில் போட வேண்டும். திரும்பினால் பேங்க் தகவல் கிடைத்து 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்ததும் அவருக்கு 15 நாள் கெடு, அது தாண்டினால் ஒரு மாதத்துக்குள் புகார். செக்கில் தேதி போடுவதற்கு முன் வக்கீலிடம் கேளுங்கள். செக் கேஸ் போட்டிருக்கிறோமே என்று நோட்டு வழக்கைத் தள்ளிப்போடாதீர்கள். அது வேறு, இது வேறு, இரண்டும் சேர்ந்தே நடக்கலாம்.

நோட்டு கல்லிடையில் எழுதியதால் அம்பையிலேயே வழக்குப் போடலாம், அவர் ஊர்ப் பக்கத்து நாங்குநேரி கோர்ட்டுக்கு அலைய வேண்டாம். கோர்ட் கட்டணம் நூற்றுக்கு மூன்று. அசலுக்கு மட்டும் 10,500 ரூபாய், கேட்கிற வட்டிக்குத் தனி. லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) சமரசம் ஆனால் அந்தக் கட்டணம் திரும்பி வரும். நோட்டில் மாசம் ரெண்டு வட்டி இருந்தாலும், பிராதில் (வழக்கு மனுவில்) வருஷத்துக்கு 12 சதவீதத்தோடு நிற்பது நல்லது என்பது என் எண்ணம்.

ஆலங்குளம் செல்வி:
அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று. எங்களுக்கு டிக்ரி கிடைத்தது, பணம் இன்னும் முழுசாக வரவில்லை. கேஸ் நடக்கும்போதே அவர் தன் தோட்டத்தை மச்சினன் பேருக்கு மாற்றிவிட்டார். அதனால் இப்போதே அவர் பேரில் என்ன சொத்து இருக்கிறது என்று வில்லங்கம் போட்டுப் பாருங்கள். விற்கப் பார்க்கிறார் என்பதற்கு ஆதாரம் இருந்தால் தீர்ப்புக்கு முன்பே ஜப்தி செய்ய மனுப் போடலாம். டிக்ரியை நிறைவேற்ற 12 வருஷம் டைம் உண்டு, ஆனால் ஜப்தி செய்ய எதாவது மிச்சம் இருக்கணுமே.

கல்லிடை மகள்:
ரொம்ப நன்றி அண்ணாச்சி, செல்வி அக்கா. அப்பாவிடம் போனில் பேசினேன். ஸ்டாம்ப் இருக்கிறது, அதன் மேலேயே கையெழுத்து ஓடுகிறது. பின்பக்கம் நீங்கள் சொன்ன மாதிரியே எல்லாம் அப்பா எழுத்துதான், கடன் வாங்கியவர் கையெழுத்து ஒன்றுகூட இல்லை. அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். பவர் வாங்கிக்கொண்டு நானே சாட்சி சொல்லலாமா?

அம்பை பழைய குமாஸ்தா:
வழக்கை நடத்த உங்களுக்குப் பவர் தரலாம். ஆனால் பணம் எண்ணிக் கொடுத்தது அப்பா, அதைச் சொல்ல வேண்டியதும் அவர்தான். உடம்புக்கு முடியாவிட்டால் கோர்ட் நியமிக்கும் கமிஷனரை வீட்டுக்கே வரவழைத்து வாக்குமூலம் பதிவு செய்யக் கேட்கலாம். காது மந்தம் என்பதை வக்கீல் முதலிலேயே கோர்ட்டில் சொல்லிவிடட்டும், கேள்வியை நிதானமாக உரக்கக் கேட்பார்கள்.

இந்த வாரமே வக்கீல் நோட்டீஸ் போகட்டும். அதற்குப் பதில் வருமா என்று காத்திருக்காமல் ஜூன் முடிவதற்குள் பிராது தாக்கலாகிவிட வேண்டும். இடையில் அவர் சமாதானத்துக்கு வந்தால், கொடுக்கிற தொகையை நோட்டின் பின்னால் அவர் கையாலேயே எழுதி, தேதியோடு கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அசல் நோட்டை வக்கீலிடம் கொடுக்கும்போது இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்து, அதில் 'அசல் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.