சண்டை நடுவுல எழுந்து போறது பொறுமையா, தப்பிச்சு ஓடறதா?

செம்பூர்வாசி:
கல்யாணமாகி ஆறு வருஷம். மும்பை அந்தேரியில ஆபீஸ். மெட்ரோவுல காட்கோபர், அங்கேருந்து குர்லா, குர்லாவுல ஹார்பர் லைன் மாறி வீட்டுக்குள்ள கால் வெக்கறப்போ மணி ஒன்பது. "கேஸ் சிலிண்டர் புக் பண்ணியாச்சா?"ன்னு அவ கேப்பா. அவ்வளவுதான், எனக்குச் சுர்ருன்னு ஏறும். முன்னெல்லாம் கத்துவேன். இப்போ வாயே திறக்காம கீழே டப்ரிக்கு, அதான் டீக்கடைக்கு, போய் ஒரு கட்டிங் சாய் குடிச்சிட்டு, இருபது நிமிஷம் கழிச்சு மேலே வர்றேன். அவ என்னடான்னா, "இதுக்கு நீ கத்தியே இருக்கலாம்"ங்கறா. கத்தாம இருந்தாலும் தப்பா?

90 அடி ரோடு:
அண்ணாச்சி, ஒமக்கு எறங்கிப் போக எடம் இருக்கு. தாராவியில எங்க கோலி, ஒத்த ரூம்தான், பத்துக்குப் பத்து. அம்மா, தம்பி, பொண்டாட்டி, பிள்ள எல்லாம் அதுக்குள்ளதான். நாங்க கத்துவோம், பக்கத்து வீட்டு அக்கா வந்து ரெண்டு பேரையும் வைவாக, அஞ்சு நிமிசத்துல தட்டுல சோறு விழுந்துரும். மனசுல ஒண்ணும் தங்காது. கத்துறவன்கூட குடும்பம் நடத்திரலாம்வே, மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுப் போறவன்கூட முடியாது.

துளசிமாடம் (டோம்பிவிலி):
கத்தினவங்களுக்குத் தங்காது. கேட்டவங்களைக் கேட்டுப் பாருங்க.
செம்பூர்வாசி செய்யறதுல ஒரு நியாயம் இருக்கு. அமெரிக்காவுல ஜான் காட்மன்னு ஒரு உளவியலாளர், தம்பதிகளை உட்கார வெச்சு அவங்க தகராறையே பேசச் சொல்லி நாடித்துடிப்பை அளந்தவர். துடிப்பு நிமிஷத்துக்கு 100-ஐத் தாண்டிட்டா எதிர்ல இருக்கறவங்க சொல்றது காதுல ஏறாதுங்கறார். ஒரு தடவை 'மெஷினைச் சரி பண்ணணும்'னு பொய் சொல்லி, பேச்சை நிறுத்தி அரை மணி நேரம் பத்திரிகை படிக்க விட்டாங்களாம். திரும்ப ஆரம்பிச்சப்போ துடிப்பும் இறங்கியிருக்கு, பேச்சும் தணிஞ்சிருக்கு. குறைஞ்சது இருபது நிமிஷம் விடுங்கன்னு அவர்தான் சொல்றார்.

மாட்டுங்கா மாமி:
அதே மனுஷன் சொன்ன இன்னொண்ணை விட்டுட்டியேம்மா. கல்யாணத்தைக் கெடுக்கறது நாலுன்னு கணக்கு வெச்சிருக்கார். ஆளையே குறை சொல்றது, ஏளனம், 'என் மேல தப்பே இல்லை'ங்கறது, நாலாவது பதிலே சொல்லாம சுவராட்டம் ஆயிடறது. அந்தச் சுவர் பெரும்பாலும் புருஷாள்தானாம். இதுக்கு ஆராய்ச்சி எதுக்கு, எங்காத்துல நாப்பது வருஷமா பேப்பருக்குப் பின்னாடி ஒண்ணு உட்கார்ந்திண்டிருக்கு.
ஏம்ப்பா செம்பூர், கீழே போறச்சே அவகிட்ட என்ன சொல்லிட்டுப் போறே?

செம்பூர்வாசி:
ஒண்ணும் சொல்றதில்லை மாமி. வாயைத் திறந்தா அதுவே சண்டை.

மாட்டுங்கா மாமி:
அப்போ அவளுக்குக் கேக்கறது கதவு சாத்தற சத்தம் மட்டும்தானே? நீ டீ குடிக்கப் போனியா, அவளை வெறுத்துண்டு போனியான்னு இருபது நிமிஷம் அவ தனியா யோசிச்சிண்டு இருப்பா. உனக்கு ஆறிடும். அவளுக்கு அப்பத்தான் கொதிக்க ஆரம்பிக்கும்.

90 அடி ரோடு:
அதத்தான நானும் சொன்னேன்!

துளசிமாடம்:
இல்லை அண்ணா, நீங்க சொன்னது கத்தறது. உங்களை வைய ஒரு அக்கா ஓடி வர்றாங்க. எங்க ஃப்ளாட்டுல கதவைச் சாத்தினா யார் வருவா? நாங்க ரெண்டு பேரும் ஒரு ஏற்பாடு வெச்சிருக்கோம். "எனக்கு இப்போ தலை சூடா இருக்கு, ஒன்பதரைக்குப் பேசலாம்"னு சொல்லிட்டுத்தான் நகரணும். ஒன்பதரைக்கு அவர் மறந்த மாதிரி டிவியைப் போடுவார். யார் தள்ளிப் போட்டாங்களோ அவங்கதான் திரும்ப ஆரம்பிக்கணும்னு அப்புறம் சேர்த்தோம்.

90 அடி ரோடு:
பொண்டாட்டிகிட்ட டயம் குறிச்சுப் பேச இதென்ன ஆபீஸ் மீட்டிங்கா? எனக்கு ஒத்து வராது.
ஒண்ணு மட்டும் சொல்லுதேன். போன மாசம் நான் சத்தம் போட்டப்ப பிள்ள ஏணியில ஏறி மேல போயி உக்காந்துகிட்டான். சோறு போட்ட பெறவும் எறங்கல.

மாட்டுங்கா மாமி:
குழந்தைக்கு என்ன வயசு?

90 அடி ரோடு:
ஏழு.

செம்பூர்வாசி (மறுநாள்):
நேத்து சொல்லிட்டுப் போனேன். "பசியும் கோபமும் சேர்ந்து வருது, உன்மேல இல்லை, இருபது நிமிஷத்துல வர்றேன்." அவ ஒரு நிமிஷம் பார்த்தா. "சரி, போறப்போ அந்த கேஸை புக் பண்ணிட்டே போ"ன்னா.

90 அடி ரோடு:
பண்ணினீரா?

செம்பூர்வாசி:
மறந்துட்டேன்.