தி க்ரோ (2024): காதலை இவ்வளவு காட்டியும் ஏன் ஒட்டவில்லை? (கதை முடிவு பேசப்படும்)

இரவுவாசகன்:
இந்தப் படத்துக்கு மூலமான ஜேம்ஸ் ஓ'பாரின் காமிக்ஸ் எனக்கு உயிர். குடித்துவிட்டு வண்டி ஓட்டியவனால் தன் வருங்கால மனைவியைப் பறிகொடுத்த மனுஷன், அந்த வலி தாங்காமல் வரைந்தது. 1989இல் வந்த கறுப்பு வெள்ளைக் கதை. புதுப் படத்தில் காதலர்களான எரிக்கும் ஷெல்லியும் மறுவாழ்வு மையத்தில் சந்திப்பது, தப்பி ஓடுவது, சேர்ந்து திரிவது என்று எல்லாமே விலாவாரியாக வருகிறது. ஆனால் ஷெல்லி சாகும்போது மனசு பதறவே இல்லை. அதே காமிக்ஸை வைத்து எடுத்த 1994 படத்தில் அவள் வருவதே கொஞ்ச நேரம்தான், அதற்கே தொண்டை அடைக்கிறது. ஏன் இப்படி?

பழையரீல்:
அலெக்ஸ் ப்ரோயாஸ் இயக்கிய அந்த 1994 படம் இருவரும் தாக்கப்பட்ட பிறகுதான் தொடங்குகிறது. ஒரு வருஷம் கழித்துக் கல்லறையிலிருந்து எழுந்து வரும் எரிக்குக்கு, பழைய வீட்டுக்குள் நுழைந்ததுமே ஞாபகங்கள் வந்து அறைகின்றன. என்ன போயிற்று என்பதை நாமும் அவனோடு சேர்ந்துதான் தெரிந்துகொள்கிறோம்.

க்ளைமாக்ஸை யோசித்துப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் ஷெல்லி துடித்த முப்பது மணி நேரமும் கூட இருந்தவர் போலீஸ்காரர் ஆல்பிரெக்ட். அவர் நினைவிலிருந்து வாங்கிய அந்த வேதனை முழுவதையும், வில்லன் தலையைப் பிடித்து எரிக் ஒரே மூச்சில் உள்ளே இறக்குகிறான். அவள் பட்ட வலிதான் அவன் ஆயுதம்! இதைவிடப் பொருத்தமான தண்டனை உண்டா?

புதுசில் ஓபரா அரங்கில் வாளெடுத்துச் சாய்த்துத் தள்ளுகிறான். மேடையில் பாட்டு, வெளியே ரத்தம் என்று மாறி மாறி வருவது நல்ல வேலைப்பாடுதான். ஆனால் விழுகிறவர்கள் யாரென்றே நமக்குத் தெரியாதே.

மைப்பேனா:
என்னை உறுத்தியது புதுப் படத்தில் வரும் அந்த விதி. காதல் களங்கமில்லாமல் இருக்கும்வரை, செத்து மீண்ட எரிக்கின் காயம் ஆறுமாம். ஷெல்லி மேல் சந்தேகம் வந்ததும் சக்தி போய்விடுகிறது. பிறகு தன் ஆன்மாவைக் கொடுத்து அவளை மீட்க ஒப்பந்தம். வில்லனுக்கும் சாத்தானோடு ஒப்பந்தம். ஆளாளுக்குப் பேரம் பேசினால் துக்கத்துக்கு எங்கே இடம்? எரிக்காக வரும் பில் ஸ்கார்ஸ்கார்டைக் குறை சொல்ல மாட்டேன், கிடைத்ததை வைத்து உயிரைக் கொடுத்து நடித்திருக்கிறார்.

இரவுவாசகன்:
விதி சரி, மைப்பேனா. ஆனால் அந்தச் சந்தேகம் எனக்குப் பிடித்திருந்தது. வில்லன் காதில் ஓதி ஷெல்லியைக் கொலை செய்ய வைத்த வீடியோவை எரிக் பார்க்கிறான். அதைத் தெரிந்துகொண்டும் அவளை நேசிக்க முடியுமா? காமிக்ஸில்கூட இல்லாத கேள்வி இது. இயக்குநர் ரூபர்ட் சாண்டர்ஸ் அதிலேயே படத்தை நிறுத்தியிருக்க வேண்டும். அவசரமாகத் தாண்டிச் சண்டைக்குப் போய்விட்டார்.