கோடையில் வளர்ப்பு எலிகளை இணை சேர்க்கலாமா?

கேள்வி (அஸ்தம்பட்டி, சேலம்):
கடையில் வாங்கிய மூன்று மாத வளர்ப்பு எலிகள் இரண்டு, ஓர் ஆணும் ஒரு பெண்ணும், பத்து நாட்களாக என்னிடம் ஒரே கூண்டில் இருக்கின்றன. ஏப்ரலில் இணை சேர்த்து, ஒரே ஓர் ஈற்று மட்டும் எடுக்க எண்ணியுள்ளேன். கூண்டு இருக்கும் மாடியறை பகலில் அனலாகக் கொதிப்பதால், ஏற்காட்டில் உள்ள அத்தை வீட்டுக்கு இப்போதே கொண்டு செல்வது நல்லதா என்று அறிய விரும்புகிறேன்.

பதில் 1 (ஏற்காடு):
இணை சேர்ப்பது பற்றி யோசிக்கும் கட்டத்தை நீங்கள் கடந்துவிட்டீர்கள் என்றே அஞ்சுகிறேன். பெண் எலி நாலைந்து நாட்களுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். பத்து நாட்கள் ஆணுடன் இருந்தவள் சினையாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். இன்றே ஆணைத் தனிக் கூண்டுக்கு மாற்றுங்கள். சினைக்காலம் 21 முதல் 23 நாட்கள் என்பதால், பிரித்த நாளிலிருந்து அதற்குள் ஈனாவிட்டால் சினை இல்லை என்று கொள்ளலாம். ஈன்ற 24 மணி நேரத்துக்குள் தாய் மீண்டும் பருவத்துக்கு வந்துவிடும். ஆண் அருகில் இருந்தால், பால் கொடுத்துக்கொண்டே அடுத்த சினையையும் சுமப்பாள். நான் முதன்முறை இதை அறியாமல் விட்டதில், இரண்டாம் ஈற்றின்போது என் எலியின் முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. இன்றும் அது மனத்தை உறுத்துகிறது.

பயணத்தைப் பொறுத்தவரை, இருபது கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி வருவதைவிட, கீழ்த்தளத்தில் வெயில் படாத அறையே அவளுக்கு நல்லது. எலிக்கு நம்மைப் போல் உடலெங்கும் வியர்க்காது. உடல் சூட்டின் ஒரு பகுதியை வால் வழியாக வெளியேற்றும். உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டின் ஒரு மூலையில் வையுங்கள். வேண்டும்போது அவளே ஒட்டிப் படுப்பாள், வேண்டாதபோது விலகிப் போவாள்.

பதில் 2 (அம்மாபேட்டை, சேலம்):
ஓர் ஈற்றில் பத்துக் குட்டிகள் வரை சாதாரணமாகப் பிறக்கும். அவை ஐந்து வாரத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடுவதால், அதற்குள் ஆண், பெண் குட்டிகளைத் தனித்தனியே பிரித்துவிட வேண்டும். ஒரு வாரம் தள்ளிப் போட்டால் அக்காளும் தங்கையும் சினையாக நிற்பார்கள். எடுத்து வளர்ப்பதாக யார் யார் சொல்லியிருக்கிறார்கள் என்பதை, குட்டிகள் பிறக்கும் முன்பே குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். உங்கள் எலிகள் இரண்டும் ஒரே ஈற்றைச் சேர்ந்தவையா, தும்மல் உண்டா என்பதையும் கவனியுங்கள். மைக்கோபிளாஸ்மா என்னும், எலிகளின் மூச்சு உறுப்புகளைத் தாக்கும் பாக்டீரியாத் தொற்று இருந்தால் தாயிடமிருந்து குட்டிகளுக்கும் பரவும்.

கேள்வி கேட்டவர்:
ஆணை இப்போதே பிரித்துவிட்டேன். சமையலறைத் தராசில் அவள் 232 கிராம் இருக்கிறாள். இரண்டு நாட்களுக்கு ஒருமுறை எடை பார்த்து இங்கேயே எழுதுகிறேன். ஆணின் கண்ணோரத்தில் செந்நிறக் கசிவு தெரிவதால், நாளை காலையில் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லவிருக்கிறேன்.