மூன்று விதமாய்ப் பார்த்தால் மூன்று விடை: சீரியல் செட்டின் மொத்த மின்தடை எது?

விளக்குவரிசை (குவாத்ர் போர்ன்):
தைப்பூசக் காவடிக்குக் கோவில் முகப்பில் கட்ட, 12 வோல்ட் 5 வாட் இழை பல்பு 20 எடுத்து 230 வோல்ட்டில் தொடரிணைப்பாகப் போட்டிருக்கிறோம். ஒவ்வொரு பல்பையும் மீட்டரில் பார்த்தால் 2.5 ஓம், கூட்டினால் 50. செட்டின் இரு முனையில் வைத்தால் 44.3 ஓம். இதன்படி 5 ஆம்பியருக்கு மேல் ஓடணும், ஆனால் எரியும்போது 0.4தான். தொடரிணைப்பில் தடைகளைக் கூட்டினால் போதும் என்பது தப்பா?

ஓம்கணக்கு:
விதி சரிதான் ஐயா, கூட்டிய எண்தான் தப்பு. முதலில் 50, 44.3 வித்தியாசம். மீட்டரின் இரண்டு கம்பிக்கும் சொந்தத் தடை உண்டு. முனைகளை ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள், 0.3 ஓம் காட்டும். பல்பு உண்மையில் 2.2 ஓம். தனித்தனியாய் அளந்ததில் அந்த 0.3 இருபது தடவை சேர்ந்துவிட்டது. முழு செட்டில் ஒரே தடவை. கழித்தால் இரண்டு வழியிலும் 44.

ஆனால் 44 ஓம் என்பது ஆறிய இழைக்கு. டங்ஸ்டன் சூடேறினால் தடை பத்து மடங்குக்கும் மேலே போகும். எரியும் பல்புக்கு வோல்ட்டின் வர்க்கத்தை வாட்டால் வகுங்கள்: 144 ÷ 5 = 28.8 ஓம். இருபதுக்கு 576. 230 ÷ 576 = 0.4 ஆம்பியர். ஸ்விட்ச் போட்ட கணத்தில் மட்டும் உங்கள் 5 ஆம்பியர் வந்து போகும். 1 ஆம்பியர் வேக ஃபியூஸ் போட்டால் சில சமயம் அதிலேயே போய்விடும்.

விளக்குவரிசை:
நன்றி. ஒன்று போனால் கையில் உள்ள 3 வாட் பல்பைப் போடலாமா? வோல்ட் ஒன்றுதானே.

வயர்மேன்_ரோஸ்ஹில்:
போடாதீங்க. 3 வாட் என்றால் 48 ஓம். மற்ற 19-ம் சேர்ந்து 547.2, மொத்தம் 595.2, ஓடுவது சுமார் 0.39 ஆம்பியர். அந்த 48 ஓம் தலையில் மட்டும் 18.5 வோல்ட் விழும், 7 வாட். சீக்கிரம் கருகும். 10 வாட் போட்டால் நேர் எதிர்: 14.4 ஓம்தான், 6 வோல்ட்கூடக் கிடைக்காமல் மங்கிக் கிடக்கும், மீதி 19-க்கும் கொஞ்சம் கூடுதலாய்ப் போகும். தொடரிணைப்பில் வோல்ட்டை மட்டும் பார்த்துப் பல்பு வாங்கவே கூடாது, வாட்டும் ஒன்றாயிருக்கணும்.

இதைவிட முக்கியம்: ஒரு பல்பு அறுந்ததும் மின்னோட்டம் நிற்கும், அந்த ஹோல்டரின் இரு முனைக்கு நடுவே முழு 230 வோல்ட் வந்து நிற்கும். 12 வோல்ட் பல்புதானே என்று கை வைக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கழற்றணும், மீட்டரில் ஓம் பார்ப்பதும் அப்படியே. 30 மில்லி ஆம்பியர் கசிவு பிரேக்கர் இல்லாத லைனில் இதைக் கட்டாதீங்க. அது இருந்தாலும், இரு முனையையும் ஒரே ஆள் தொட்டால் காப்பாற்றாது. மின்சாரம் தரைக்குக் கசிந்தால்தான் அதற்குத் தெரியும்.

பக்தர்கள் கைக்கு எட்டும் உயரமென்றால் தொடரிணைப்பே வேண்டாம். 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வைத்துப் பக்க இணைப்பாய்ப் போடுங்கள். 100 வாட்டுக்கு 8.3 ஆம்பியர் வரும், வயர் தடிமனாய் இருக்கணும்.

ஓம்கணக்கு:
வயர்மேன் சொன்ன 18.5 எரியும் தடையை மாறாததாக வைத்துப் போட்ட கணக்கு. 3 வாட் இழை இன்னும் சூடேறி அதன் தடையும் ஏறும், நிஜத்தில் அதைவிடக் கூடவே விழும்.