கிட் பேட்ச் இரண்டாம் பதிப்பு: குன்னூர், ஊட்டி பக்கம் யாராவது சோதித்துத் தர முடியுமா?

கோத்தகிரியில் ஒரு கல்லூரி மாணவி கிட் மென்பொருளுக்கு (நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்து வைப்பது) முதல் பேட்ச் (நிரல் திருத்தம்) அனுப்பியிருக்கிறார். சோதனை ஸ்கிரிப்டில் கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும் 'டெஸ்ட் -எஃப்' இருந்த இடங்களில் 'டெஸ்ட்_பாத்_இஸ்_ஃபைல்' போட்டிருக்கிறார். பழையது சத்தமில்லாமல் தோற்கும். புதியது எந்தக் கோப்பு இல்லை என்று சொல்லும். அருமையான தொடக்கம்.

சிக்கல் '! டெஸ்ட் -எஃப்' வரிகளில். அங்கே கோப்பு இல்லாததுதான் சரி. 'டெஸ்ட்_பாத்_இஸ்_ஃபைல்' முன்னால் ஆச்சரியக்குறி (விடையைத் தலைகீழாக்குவது) மட்டும் வைத்தால் சோதனை தேறும்போதும் பிழைச் செய்தி வரும். 'டெஸ்ட்_பாத்_இஸ்_மிஸ்ஸிங்' வேண்டும். திருத்தத்தைத் தனி கமிட்டாக்காமல் (தனிப் பதிவாக்காமல்) 'கமிட் --அமெண்ட்' போட்டுப் பழைய கமிட்டிலேயே சேர்க்க வேண்டும், பிறகு 'ஃபார்மட்-பேட்ச் -வி2' போட்டு இரண்டாம் பதிப்பை எடுக்க வேண்டும், கூடவே ரேஞ்ச்-டிஃப் (இரு பதிப்புகளுக்கும் உள்ள வேறுபாடு). அனுப்புபவர் பெயரிட்டு உறுதி தரும் 'சைன்ட்-ஆஃப்-பை' வரி விடுபடக் கூடாது.

மழையில் கரண்ட் போய்ப் போய் வருவதால் அவருடைய பழைய லேப்டாப்பில் முழு 'மேக் டெஸ்ட்' (எல்லாச் சோதனைகளையும் ஓட்டும் கட்டளை) முடியவே மாட்டேன் என்கிறது. எட்டு கோர் மெஷின் உள்ளவர்கள் 'மேக் -ஜே8' போட்டு பில்ட் செய்து, 'டி' அடைவில் சோதனைகளை ஓட்டி, தோற்றவற்றை மட்டும் '-வி -ஐ' (விவரமாகக் காட்டி, முதல் தோல்வியிலேயே நிற்க) சேர்த்து மறுபடி ஓட்டி, வரும் வெளியீட்டை அப்படியே இங்கே போடுங்கள்.